அக்காவைப் பற்றி வந்த ஏழு விமர்சனங்கள்

‘விண்ணப்பத்துடன் இணைக்கப்படும் பத்திரிகை விமர்சனங்கள் மூலப் பிரதிகளாக இருத்தல் வேண்டும், சரிபார்த்தபின் அவை முப்பது நாள்களுக்குள் விண்ணப்பதாரருக்குத் திருப்பி அனுப்பப்படும்.’

மூத்த மேடைக் கலைஞர்களுக்கான விருது விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் இப்படித்தான் அச்சிட்டிருந்தது. அக்காவின் முதலாண்டு நினைவு மலரை விதியைச் சொல்லியா தொடங்குவது என்று உறவினர்கள் முகம் சுளிக்கலாம். அரசு அலுவலகத்திலேயே தலை நரைத்தவனுக்கு வேறு தொடக்கம் வரவில்லை.

அக்கா கருமத்தம்பட்டியில், தறிச் சத்தம் ஓயாத வீட்டில் பிறந்தார். அந்தச் சத்தத்தை மீறிப் பாடியே குரல் வளர்ந்தது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. சூலூரில் ஒரு பாட்டு வாத்தியாரிடம் கற்றார். கணவரை இளவயதிலேயே இழந்து, இரு பெண்களையும் பாடித்தான் வளர்த்தார். கோயில் விழாவோ கல்யாண வரவேற்போ, குறித்த நேரத்துக்குக் கால்மணி முன்பே மேடையில் இருப்பார்.

வாத்தியார் மறைந்தபின், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அவர் இயற்றிய பாடல்களை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடியறையில் பாடிப் பதிவு செய்து, அஞ்சலியாக இரண்டு ஒலிநாடாக்கள் வெளியிட்டார். இரண்டாவது பாட்டிலேயே எழுந்து போகும் பழக்கமுள்ள உள்ளூர் விமர்சகர் ஒருவர், அக்காவின் கச்சேரிகளில் கடைசிவரை உட்கார்ந்திருப்பார். சிறு பத்திரிகைகளில் அக்காவைப் பற்றி அவர் எழுதிய ஏழு விமர்சனங்களில் ஒன்று இந்த ஒலிநாடாக்களைப் பற்றியது. வாத்தியாரைப் போலப் பாட அக்கா முயலவில்லை. அவர் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் தாமும் நிறுத்துகிறார். துக்கம் அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது என்பது அதன் சாரம். மிருதங்கம் காதைக் குடைகிறது என்றும் எழுதியிருந்தார். அக்காவுக்கு அந்த வரியும் பிடிக்கும்.

சாரம் என்றுதான் சொல்ல முடிகிறது. சரளமாகப் படிக்க வராத அக்காவுக்கு அந்த ஏழு விமர்சனங்களையும் வாசித்துக் காட்டியவன் நான்தான். விருதுக்கு அனுப்பலாம் என்றதும் நானே.

“திரும்பி வந்துருமா கண்ணு?” என்று அக்கா தயங்கினார்.

“விதியிலயே போட்டிருக்குதுக்கா.”

மூலங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நகல் எடுக்கவில்லை. நகலோடு வந்தவர்களை எத்தனையோ முறை திருப்பி அனுப்பியவன். நகலை ஓர் ஆவணமாக நினைக்கும் பழக்கமே எனக்கு இல்லை.

“ஏனுங்க, இத்தன வருசம் ஆபீசுல என்னத்தப் பண்ணுனீங்க? முக்குக் கடையில ஒரு ஜெராக்ஸ் எடுக்கோணும்னு தோணலீங்களா?” என்றார் என் மனைவி.

முப்பது நாள் முடிந்தது. நினைவூட்டல் கடிதங்கள் எழுதினேன். நேரில் போனேன். “பைல் மேல போயிருக்குதுங்க” என்றார் எழுத்தர். நான் குரலை உயர்த்தியதும், “ஐயாவுக்குத் தெரியாததுங்களா? எதுக்கும் ஒரு நடைமுறை இருக்குதல்லங்க” என்றார். என் மேசையில் நான் சொன்ன அதே வாக்கியம், அதே பணிவு.

இதற்குள் அக்காவுக்குத் தொண்டையில் நோய் கண்டது. பாட்டு நின்றது, பிறகு பேச்சும் கிசுகிசுப்பாகக் குறைந்தது. விமர்சனம் வந்த சிறு பத்திரிகைகளோ நின்றுவிட்டன. பழைய இதழ்கள் எங்கும் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்த ஒலிநாடாக்களும் பூஞ்சை பிடித்து ஓடாமல் போயிருந்தன. அந்த விமர்சகரும் காலமாகியிருந்தார்.

“விருது யாருக்கு வேணும்? அந்தப் பேப்பரை வாங்கிக் குடு. என்ற குரலு இப்ப அதுல மட்டுந்தான் இருக்குது” என்றார் அக்கா.

ஒருநாள் மாலை, கைக்கு வந்த ஒரு தாளை விரித்து, விமர்சனம் திரும்பி வந்துவிட்டதுபோல், நினைவில் இருந்ததை வாசித்தேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இது நீ எழுதுனது கண்ணு. தாசில்தாருக்கு மனுப் படிக்கிற மாதிரி இருக்குது. அவரு இத்தன மரியாதையா எழுத மாட்டாரு” என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. “சரி, படி” என்றார். என்னால் முடியவில்லை. அடுத்த வாரம் அக்கா போய்விட்டார்.

சிகிச்சை அளித்த மருத்துவருக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், கடைசி நாள்களில் அக்காவின் படுக்கையருகே மிக மெதுவாக வாசித்துக்காட்டிய அந்த ஒலிநாடா மிருதங்கக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

விமர்சனங்கள் திரும்பி வந்தன. ஏழும் இருந்தன, ஒவ்வொன்றிலும், வரிகள் படிக்க முடியாதபடி எழுத்தின் மீதே, ‘சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரை. உறையில் அக்காவின் பெயர். விண்ணப்பதாரரே கையெழுத்திட வேண்டும் என்று தபால்காரர் சொல்லவில்லை. பந்தலைப் பார்த்துவிட்டு ஒப்புகை அட்டையை என்னிடம் நீட்டினார். பெற்றுக்கொண்ட நாளைக் குறித்துக் கையெழுத்திட்டேன். அக்காவின் பதினாறாம் நாள்.