எழுபது வயதுச் சிறுநீரகம்

எனக்கு வயது நாற்பத்து நான்கு. எனக்குள் இருக்கும் சிறுநீரகத்துக்கு எழுபது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் சென்னையில் அம்மா தன் இரண்டில் ஒன்றை எனக்குக் கொடுத்தாள். அன்றிலிருந்து காலை ஒன்பது, இரவு ஒன்பது என்று மாத்திரை ஒருநாளும் தவறியதில்லை. கணவருக்கு மாற்றலாகி கொல்கத்தாவில் ஜாதவ்பூருக்குக் குடிவந்தபோது, ரயிலில்கூட அலாரம் வைத்து விழுங்கினேன்.

போன வருடம் துர்கா பூஜை முடிந்து ஒரு மாதம் இருக்கும். கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. பரிசோதனையில், எப்போதும் 1.3-இல் நிற்கும் கிரியேட்டினின் 1.9 ஆகியிருந்தது. அது ஏறினால் சிறுநீரகம் தளர்கிறது என்று அர்த்தம். இளம் டாக்டர் ஒருவர், "டோனருக்கு வயசு அதிகம். இவ்வளவு நாள் ஓடினதே பெரிசு. மறுபடி டயாலிசிஸுக்கு மனசைத் தயார் பண்ணிக்குங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய ஸ்கூட்டரைத் தள்ளிவிடச் சொல்வதுபோல் அல்லவா பேசுகிறார்!

மூன்றாம் நாள் மருந்தின் அளவு பற்றிய ரிப்போர்ட் வந்தது. ரத்தத்தில் மருந்து எக்கச்சக்கமாக இருந்தது. குறைந்தால் உடம்பே சிறுநீரகத்தைத் தாக்கும், கூடினால் மருந்தே அதைக் கெடுக்கும். மாத்திரையைக் குறைக்கச் சொல்லிவிட்டு, "மறந்துபோய் ரெண்டு தடவை போட்டிருப்பீங்க" என்றார் அந்த டாக்டர் போனில். பன்னிரண்டு வருடக் கணக்கு வைத்திருப்பவளிடம்! போனை வைத்ததும் காலண்டர் தாளைக் கிழித்து, ஒரு மாதமாக என் வாய்க்குள் போனதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

எங்களோடேயே இருக்கும் அம்மா எட்டிப் பார்த்தாள். "மத்தியானம் கீழ்வீட்டுலேர்ந்து ஒரு கிண்ணம் வருதே, அதை எழுதினியா?"

கீழ்வீட்டு காகிமா (இங்கே சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) லக்ஷ்மி பூஜையிலிருந்து தினமும் அனுப்பும் 'பாதாபி லேபு'. உரித்த ரோஜா நிறச் சுளைகளில் உப்பு, சர்க்கரை, பச்சைமிளகாய் போட்டுப் பிசைந்தது. லேபு என்றால் எலுமிச்சை; அதில் ஏதோ ஒரு வகை என்று நினைத்து வழித்துச் சாப்பிட்டிருந்தேன்.

மறுநாள் காலை இருவரும் கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் போனோம். பாதாபி லேபு எது என்று கேட்டதும் கடைக்காரர் முழுப்பழத்தைத் தூக்கிக் காட்டினார். பச்சையாக, தலை அளவு. அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பம்ப்ளிமாஸுடி இது!"

எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் சென்னை ஆஸ்பத்திரி கொடுத்த தாள் பன்னிரண்டு வருடமாக ஒட்டியிருக்கிறது. சாப்பிடக் கூடாதவற்றில் முதல் பெயரே பம்ப்ளிமாஸ். மருந்தை உடம்பு கரைக்கவிடாமல் அது தேக்கி வைக்கும். நான் வெட்கப்பட்டேன், பயந்தேன், அதைவிடக் கோபப்பட்டேன்.

காகிமாவிடம் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்து, இனி வேண்டாம் என்றேன். அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும் என்றுதான் இருந்தேன்.

பழம் சாப்பிட்டதையும் அதை நிறுத்தியதையும் டாக்டரிடம் சொன்னேன். அவர் மாத்திரையைத் திரும்பச் சரிசெய்தார். மூன்று வாரம் கழித்து மருந்து அளவு சரியாகிவிட்டது, கிரியேட்டினின் 1.5. அதே டாக்டர், "இறங்கியிருக்கு. ஆனாலும் வயசான கிட்னி…" என்று இழுத்தார்.

கூட வந்திருந்த அம்மா கைப்பையிலிருந்து தன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதில் எல்லாம் சரியாக இருந்தது. "இதோட ஜோடி எனக்குள்ள இருக்கு. அதுக்கும் எழுபதுதான். அது ஒழுங்கா வேலை பாக்குது. இதுவும் பாக்கும்னு சொல்லு அவர்கிட்ட." ஒரு வார்த்தை குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். டயாலிசிஸ் பேச்சை எடுக்கவில்லை.

லிஃப்டில் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"1.3 தானே இருந்தது? இன்னும் 1.5-ன்னா, குறைஞ்ச பலம் எங்கடி போச்சு? நான் முழுசாத்தானே கொடுத்தேன்?"

"தின்னு தீர்த்துட்டேன்மா," என்றேன். "இனிமே ஒரு புள்ளிகூட ஏற விடமாட்டேன்."