நாய் ஒளித்த செருப்பு

மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் வழுக்கைத் தலையர் ஒருவர் நாற்காலியில் பேப்பர் படிக்கிறார். பக்கத்தில் மனைவி, பின்னால் வாசற்கதவு. இரண்டாவதில் அவள் கையை ஆட்டி ஏதோ சொல்கிறாள். மூன்றாவதில் அவர் திருதிருவென்று விழிக்கிறார். நாற்காலிக்கு அடியில் நாய் படுத்திருக்கிறது. பள்ளிக்கூட நோட்டில் நான் ஒட்டிவைத்திருந்த இந்த ஆங்கிலப் பத்திரிகைத் துண்டு, போன மாதம் தாராவி வீட்டைக் காலி செய்தபோது கிடைத்தது. சிரிப்புத் துணுக்குதான். எனக்கு அவமானத்தில் முகம் சுட்டது.

அதைக் கொண்டுவந்தவள் என் சித்தி. மாட்டுங்காவில் ஒரு வீட்டில் சமையல் வேலை. அந்த வீட்டுப் பழைய பேப்பர், எடைக்கு வாங்கும் ரத்திக்காரனுக்குப் போகுமுன் படத்துணுக்குப் பக்கங்களை மட்டும் கேட்டு வாங்கிப் பைக்குள் மடித்துக்கொண்டு வருவாள். அவளுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், எங்கள் சந்துப் பெண்களும் பிள்ளைகளும் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். கட்டத்துக்குக் கட்டம் விரலை நகர்த்திக் கதை சொல்வாள். பேச்சு எழுதிய குமிழ்களை ஏறிட்டும் பார்க்கமாட்டாள். யார் கை எங்கே இருக்கிறது, திரைச்சீலை ஏன் விலகியிருக்கிறது, போன வாரம் இருந்த பூந்தொட்டி எங்கே போயிற்று என்று படத்தைத்தான் துருவுவாள். வாரமெல்லாம் பிறர் சொன்னதைக் கேட்டு நடந்தவள் பேச, மற்றவர்கள் வாய்பிளந்து கேட்ட நேரம் அது ஒன்றுதான்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. இங்கிலீஷ் மீடியம் என்ற கொம்பு முளைத்திருந்தது. அன்று சித்தி இந்தத் துணுக்கைத்தான் சொன்னாள். "இவ கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் பொறப்படுதா. வாசல்ல ரெண்டு செருப்பு கெடக்கா? இங்க பாருங்க, இப்ப ஒண்ணுதான் கெடக்கு. அவ போவக்கூடாதுன்னு நாய் ஒத்தச் செருப்ப ஒளிச்சு வச்சிட்டு!" சந்தே சிரித்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"சித்தி, சும்மா அடிச்சு விடாதீய. வெங்காய வெல ஏறிட்டுன்னு அவ சொல்லுதா, அவ்வளவுதான். செருப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்று பேப்பரைப் பிடுங்கி ஆங்கிலத்தில் உரக்கப் படித்துக் காட்டினேன். இப்போது எல்லோரும் சித்தியைப் பார்த்துச் சிரித்தார்கள். "இம்புட்டு நாளா எங்கள ஏமாத்திட்டியே!" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. சித்தியும் சேர்ந்து சிரித்தாள். "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து உலை வைக்கப் போனாள். நானோ பரிசு வாங்கியவளைப்போல அந்தத் துண்டை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டேன். குறைகுடம் கூத்தாடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு சித்தி பேப்பரை என் கையில் கொடுத்துவிட்டாள். நான் படித்துப் படித்து மொழிபெயர்த்தேன். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. இரண்டே வாரத்தில் கூட்டம் கலைந்தது. சித்தி பேப்பர் கொண்டுவருவதையும் நிறுத்திவிட்டாள். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன மாதம்தான் அந்தப் படத்தை முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். முதல் கட்டத்தில் வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு. மூன்றாவதில் ஒன்றுதான். நாயின் வயிற்றுக்கடியில் மற்றதன் வார் நீட்டிக்கொண்டிருக்கிறது. வரைந்தவர் வேண்டுமென்றே வைத்த வேடிக்கை அது. சந்துக்கு நடுவே நின்று, இருந்ததை இல்லையென்று சாதித்தவள் நான்.

சித்தி இப்போது கல்யாணில் மகன் வீட்டில் இருக்கிறாள். போன ஞாயிறு போனேன். குர்லாவில் ரயில் ஏறியதிலிருந்து மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்த்திருந்தேன். அவள் முகத்தைக் கண்டதும் துண்டை மட்டும் நீட்டினேன்.

"கதயச் சொல்லுங்க சித்தி. செருப்பு இருக்கு. நான் பாத்துட்டேன்."

வெகுநேரம் பார்த்தாள். விரல் முதல் கட்டத்தின்மேல் போய் நின்றது. உதடுகூட லேசாக அசைந்தது. பிறகு துண்டை என்னிடமே திருப்பித் தந்தாள்.

"கண்ணாடி இல்லட்டி, ஒண்ணும் தெரியல. நீயே வாசிச்சுச் சொல்லு."

கண்ணாடி அவள் மூக்கின் மேல்தான் இருந்தது.