மணி அடிக்காமல் இறங்கிய கேஜ்

இன்று காலை ரயிலில் ஒரு பழைய இங்கிலீஷ் படத்தைப் போனில் போட்டேன். விஞ்ஞானிகள் கேஜ் எனும் சுரங்கக் கூண்டில் ஏறி, பூமிக்கு அடியில் இருக்கும் ரகசிய நாட்டுக்குப் போகிறார்கள். அட்டைப் பாறை, ரப்பர் பல்லி. இந்த மாதிரிப் படம் என்றால் எனக்கு உயிர்.

பக்கத்து சீட் மேரி அக்காவும் எட்டிப் பார்த்தார். அவர் அப்பா எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் மணி அடித்தவர்; அவர் அடித்தால்தான் கூண்டு இறங்கும்.

"இன்னாது, மணி அடிக்காம கேஜ் இறங்குது?"

"அக்கா, அங்க பாருங்க, பல்லி நெருப்பு கக்குது!"

"அது கக்கட்டும். மணிய யாரு அடிச்சாங்க, அத்த சொல்லு."

"அதானே!" என்றது எதிர் சீட்டு மொத்தமும். பங்காருபேட்டை வரை அதே பஞ்சாயத்து. பல்லியைப் பற்றி ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

பூமிக்குள் போகிற படம் எடுப்பவர்கள் இனி எங்கள் ஊரில் கேட்டுக்கொண்டு இறங்கவும்.