ருசி தெரிந்தவர் முன்னே வரலாம்!

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஆலங்குடிப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மது ருசி பார்க்கப் போனேன்.

பதறாதீர்கள்! மதுவிலக்கு அமலில் இருப்பது எனக்கும் தெரியும். பக்கத்திலேயே போலீஸ் ஏட்டும் நின்றார். அவர் முன்னிலையில்தான் எல்லாம் நடந்தது.

என் சிநேகிதி செல்லத்தின் தோட்டம் அது. புருஷன் காலமான பிறகு, கடலை போட்டுக்கொண்டிருந்த மண்ணில் திராட்சைக் கொடி வைத்தாள். “இந்தச் செம்மண்ணுல திராட்சையா?” என்று பக்கத்துத் தோட்டத்து ரத்தினசாமி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். கொடி காய்த்தது. கொத்துக் கொத்தாகக் கறுத்துத் தொங்கியது. மனுஷருக்குச் சிரிப்பு நின்று வயிற்றெரிச்சல் ஆரம்பித்துவிட்டது.

செல்லம் பழத்தைப் பிழிந்து, சர்க்கரை போட்டுக் காய்ச்சி, பாட்டிலில் அடைத்தாள். நானே குடித்திருக்கிறேன்... தேவாமிர்தம்! அறந்தாங்கி ஜவுளிக்கடை பாய் தம் மகள் கல்யாணத்தில் சர்பத் கலக்க, அவ்வளவு பாட்டிலுக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டார்.

ரத்தினசாமி சும்மா இருப்பாரா? “செல்லம் ஒயின் காய்ச்சுது” என்று கிளப்பிவிட்டார். ஸ்டேஷனிலும் போய்ச் சொல்லிவிட்டார். பாய் ஆடிப் போனார். கல்யாண வீட்டில், அதுவும் அவர் வீட்டில், ஒயினா? “தப்பா நெனைக்காதம்மா... சந்தேகம்னு வந்துட்டா என்னால வாங்க முடியாது” என்று சொல்லியனுப்பினார்.

அவர் வாங்காவிட்டால் அந்த வருஷத்து உழைப்பு மொத்தமும் போச்சு. அடுத்த வருஷம் கொடியைப் பிடுங்கிவிட்டுக் கடலைதான். ரத்தினசாமிக்கு வேண்டியதும் அதுதானே!

செல்லம் அழவில்லை. “எல்லாரும் வாங்க, வந்து ருசி பாத்துச் சொல்லுங்க” என்று பாயையும் ஏட்டையும் ஊரையும் தோட்டத்துக்கே கூப்பிட்டுவிட்டாள். நான் முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கிவிட்டேன்.

பந்தலடியில் பாட்டிலைத் திறந்து ஒரு டம்ளரில் ஊற்றி வைத்தாள். கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது.

ஏட்டு மோந்து பார்த்தார். “எனக்கு இதெல்லாம் எங்கிட்டுங்க தெரியும்?” என்று அவசரமாக டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “சரக்கு ருசி தெரிஞ்சவங்க யாராச்சும் முன்னால வாங்க” என்றார்.

அடடா, அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டுமே! கூட்டம் அப்படியே பின்னால் நகர்ந்தது.

ரத்தினசாமி மட்டும் முன்னால் வந்தார். டம்ளரை வெயிலில் தூக்கிப் பிடித்தார். மோந்தார். ஒரு மடக்கு வாயில் வைத்து, கண்ணை மூடி, அந்தக் கன்னத்துக்கும் இந்தக் கன்னத்துக்கும் உருட்டினார். நாக்கைச் சப்புக் கொட்டினார்.

“சந்தேகமே இல்ல, சரக்குதான்! நம்ம நாட்டுச் சாராயம் மாதிரி நெடி இல்ல, இது சீமை ரகம். ஊறினது பத்தல. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா தொண்டையில சுள்ளுனு பிடிக்கும்!”

செல்லமோ நிதானமாகக் கேட்டாள்: “எத்தன நாள் ஊறினா சுள்ளுனு பிடிக்கும்னு ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?”

ரத்தினசாமி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். “அது... கேள்விப்பட்டதுதான்...”

“காது கேட்டா நாக்குக்கு ருசி தெரியுமாண்ணே?”

கொல்லென்று ஒரு சிரிப்பு! ஏட்டு பென்சிலை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். “இது சரக்குன்னா நீங்கதான் முதல் சாட்சி. எங்க குடிச்சுப் பழகினீங்க, அதை முதல்ல சொல்லுங்க.”

“ஐயோ, சாறுங்க! வெறும் பழச்சாறுதாங்க!”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

ரத்தினசாமி மிச்சத்தையும் மடமடவென்று குடித்தார். “சத்தியமாச் சாறுதாங்க... சின்னப் புள்ளைக்குக் கொடுக்கலாம்!”

செல்லம் விடவில்லை. அங்கேயே ஒரு கூடைப் பழத்தைப் பிழிந்து, அடுப்பில் ஏற்றி, எல்லோர் கண் முன்னாலும் காய்ச்சி இறக்கினாள். ஆறியதும் பாட்டில் சாறும் இதுவும் பக்கத்தில் பக்கத்தில். நிறத்திலும் மணத்திலும் துளி வித்தியாசம் இல்லை. பாய் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ‘பிஸ்மில்லா’ சொல்லி டம்ளரைக் கையில் எடுத்தார். குடித்து முடித்து, “மாப்பிள்ளை வீட்டு வலீமா விருந்துக்கும் சேத்துப் போட்டுரும்மா” என்றார்.

நான் கைதட்டினேன். ஊரே தட்டியது. ஜெயித்தாள் என் செல்லம்! அப்போதுதான் அவள் கண் கலங்கியது. ஏட்டு ‘விசாரணைக்காக’ மூன்று டம்ளர் குடித்தார்.

எனக்கும் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினாள். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரருக்கு ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு, “பேஷ்! ஒயின் தோத்துப் போகும்!” என்றார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். மனுஷர் இன்னும் பேப்பரை முகத்திலிருந்து இறக்கவில்லை.