ஆண்டவர் கலயத்தில் மணல்

பிள்ளைகளே, சாப்பாட்டுக்கு முன் நான் ஜெபம் பண்ணும்போது நீங்கள் ஒரு கண்ணைத் திறந்து குழம்புச் சட்டியைப் பார்ப்பது எனக்குத் தெரியும். அதற்காக உங்களை நான் அடித்ததில்லை. ஏன் கண்டிப்பதில்லை என்று உங்கள் அம்மா கேட்டாள். வாயால் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு நான்கு. ராயபுரத்தில் ஒரு சந்து வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. ஒருநாள் மேலிருந்து நழுவிய மூட்டை அவர் கால்மேல் விழுந்தது. நான்கு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து பாயில் போட்டார்கள். முறிந்த எலும்பு சேர இரண்டு மாதம் ஆகும் என்று கட்டுப் போட்டவர் சொல்லிவிட்டுப் போனார். அம்மா காசிமேட்டுக் கரையில் கருவாடு காயவைக்கப் போனாள். சனிக்கிழமைதோறும் அவளுக்குக் கூலியாகக் கிடைத்த அரிசியில்தான் நாங்கள் நான்கு பேரும் சாப்பிட்டோம்.

எங்கள் சபைப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. உலைக்கு அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு மண்கலயத்தில் போட வேண்டும். அதற்கு ஆண்டவர் கலயம் என்று பெயர். மாதத்தின் முதல் ஞாயிறன்று அவரவர் கலயத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பெரிய கூடையில் கொட்டுவார்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லையோ அந்த வீட்டுக்கு அந்தக் கூடை போகும். இந்தக் கடைசிச் சங்கதி அன்று எனக்குத் தெரியாது. ஆண்டவருக்குத்தான் போகிறது என்று நினைத்திருந்தேன்.

அப்பா படுத்த பிறகும் அம்மா அந்தப் பிடியை நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டு மீன்கார அத்தை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பாள். அவளும் எங்கள் சபைதான்.

"இன்னாம்மே, உனுக்கே கஞ்சிக்கு வழியக் காணோம், இதுல ஆண்டவருக்கு வேற பங்கா? அவரு இன்னா உல வெச்சிப் பொங்கவா போறாரு?"

"அவரு பங்க அவருக்குக் குடுத்துட்டா, நம்ம பங்க அவரு பாத்துக்குவாரு, அக்கா."

"பாத்துகினுதான் கீறாரு," என்று சொல்லிவிட்டு அத்தை கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு போனாள்.

அத்தை சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. ஆண்டவருக்கு அடுப்பு கிடையாது. வயிறும் இருப்பதாகத் தெரியவில்லை. எங்கள் தங்கைக்கோ வயிறு இருந்தது. அது விடியும்போதே அழ ஆரம்பித்துவிடும். ஆகவே ஒரு ஏற்பாடு செய்தேன். சாயங்காலம் அம்மா தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போவாள். அப்பா தூங்குவார். அந்த நேரத்தில் ஆண்டவர் கலயத்திலிருந்து இரண்டு மூன்று பிடி அரிசியை எடுத்து வீட்டு அரிசிப் பானையில் போடுவேன். கலயம் லேசாகிவிட்டால் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்று, கடற்கரையிலிருந்து கால்சட்டைப் பையில் கொண்டுவந்த பருமணலை அடியில் போட்டு, மீதி அரிசியை மேலே பரப்பிவிடுவேன். மணலும் ஆண்டவர் உண்டாக்கியதுதானே, அவருக்கு அதில் மனக்குறை இருக்காது என்றே நினைத்தேன்.

ஒருநாள் அப்பா கஞ்சியில் எதையோ நறுக்கென்று கடித்தார். "இன்னா மே, ஒரே மண்ணா கீது?"

"அரிசி அப்டி. இனிமே நல்லா களையறேன்," என்றாள் அம்மா. நான் தலைகுனிந்து குடித்து முடித்தேன்.

வியாழக்கிழமைகளில் சபைப் பெண்கள் கூடி ஜெபிப்பார்கள். முதல் ஞாயிறுக்கு முந்தின வியாழனன்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்கிறவர்கள் சொல்லலாம் என்றதும், என்றும் வாய் திறக்காத அம்மா எழுந்து நின்றாள். முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"எங்க வூட்டு அரிசிய அளக்கறது நாந்தான். புதன்கெழமையே தீர்ந்துடணும். சனிக்கெழமை வரிக்கும் வருது. மூணு வாரமா இப்டித்தான். எப்டின்னு எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்."

பெண்கள் அழுதார்கள். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கும் எப்படி என்று தெரியும்.

திரும்பும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். அப்பா அடிபட்ட நாளிலிருந்து அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. தெருமுனையில் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "இன்னாடா கண்ணு?" என்று குனிந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஒண்ணுமில்ல," என்றேன். அன்றைக்கு அந்தத் தெருமுனையில் சொல்லியிருக்கலாம்.

ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் பெண்கள் பக்கத்துத் தாழ்வாரத்தில் வரிசையாக நின்றார்கள். பெரிய கூடையில் பாதிக்குமேல் அரிசி சேர்ந்திருந்தது. அம்மாவின் முறை வந்தது. எல்லாரும் அந்தக் கலயத்தைப் பார்க்கக் கழுத்தை நீட்டினார்கள். அம்மா கவிழ்த்தாள். முதலில் கொஞ்சம் அரிசி விழுந்தது. பிறகு சரசரவென்று மணல் விழுந்தது. எல்லார் வீட்டு அரிசிமேலும் அது பரவியது.

மீன்கார அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "இதாம்மே உன் அதிசயம்? பாதிரிக்கே தண்ணி காட்டிட்டியே."

அம்மா மணலைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். என் கை தன்னால் கால்சட்டைப் பைக்குப் போயிற்று. அவள் அதைக் கண்டாள்.

"நாந்தான் போட்டேன்," என்றாள். "புள்ளைங்க பசிக்கு எடுத்துகினேன். மன்னிச்சிக்குங்க."

போதகர் உள்ளே போனார். பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். "நான்தான் ஐயா" என்று இரண்டு சொல் சொல்ல எனக்கு நாவு எழும்பவில்லை. தூணின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

அன்று மதியம் முழுவதும் அம்மா கோயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்தக் கூடை அரிசியைச் சல்லடையில் சலித்து, முறத்தில் போட்டுப் புடைத்து, கடைசி மணல் போகும்வரை பொறுக்கினாள். பிறகு அதை ஒரு மூட்டையாகக் கட்டி என் தலையில் வைத்தாள். மூலக்கொத்தளத்துப் பக்கம் ஒரு வீட்டுக்கு நடந்தோம். அந்த வீட்டு மனிதரைப் புதைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வாசலில் மூன்று பிள்ளைகள் நின்றார்கள். கடைசிப் பெண் என் தங்கை உயரம் இருந்தாள். மூட்டையைப் பிரித்ததும் பிரிக்காததுமாக அரிசியை அள்ளிப் பச்சையாகவே வாயில் போட்டுக்கொண்டாள்.

வழியெல்லாம் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் முப்பது வருஷம் இருந்தாள். எந்தக் கூட்டத்திலும் சாட்சி சொல்ல எழுந்து நின்றதில்லை. அந்த வாயை அடைத்தவன் நான் என்று அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுப் பானையில் ஒருவேளைக்குத்தான் அரிசி இருந்தது. அம்மா அடுப்பு மூட்டினாள். கழுவித் துடைத்த ஆண்டவர் கலயத்தைப் பழைய இடத்தில் வைத்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"கைய நீட்டு."

அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு நீட்டினேன். உள்ளங்கையில் அரிசி விழுந்தது. அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"இனிமே நீதான் போடணும், நைனா. போடு."

போட்டேன். என் கை அம்மாவின் கையில் பாதிதான் இருக்கும். ஆண்டவருக்கு இப்படிக் குறைத்துப் போட்டால் நமக்குக் கொஞ்சம் மிஞ்சும் என்றுதான் அம்மா என்னைப் போடச் சொல்கிறாள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.