இன்றைக்கு யார் முறை

ஊரடங்கு முடிந்து கடைகள் திறந்த பிறகும் கட்டட வேலை பழையபடி திரும்பி வரவில்லை. தம்பானூரில் அப்பா வேலை பார்த்த ஓட்டல் பூட்டியே கிடந்தது. அம்மா கல்லும் மணலும் சுமந்துதான் வீடு நடந்தது. நான் பி.காம். கடைசி வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பரீட்சைக் கட்டணம் கட்ட அந்த வாரம் கடைசி.

ஆள் எடுக்கிறவர்கள் காலையில் சாலைக் கடைத்தெரு முக்குக்கு வண்டியோடு வருவார்கள். முன்பு எல்லாப் பெண்களுக்கும் வேலை இருந்தது. அது குறைந்ததும், வண்டியைக் கண்டாலே முந்தி ஓடி, தாங்களாகவே கூலியைக் குறைத்துச் சொல்லத் தொடங்கினார்கள். வயதானவர்கள் பின்னால் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். கடைசியில் எங்கள் காலனிப் பெண்கள் கூடிப் பேசி முறை வைத்துக்கொண்டார்கள். முறைக்காரி மட்டும் முக்கில் நிற்பாள். மற்றவர்கள் எதிரே துணிக்கடைப் படியில் உட்கார்ந்திருப்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் எழக்கூடாது.

அன்று கல்லூரிக்குப் பஸ் பிடிக்கப் போன நானும் அம்மாவோடு அந்தப் படியில் இருந்தேன். முறை, தலை நரைத்து ஒல்லியாக இருந்த ஓர் அக்காவுடையது. வந்த மலையாளி கான்ட்ராக்டர் அம்மாவின் வேலையை அறிந்தவர். ஒரு வாரத்து வேலை இருக்கிறது, நீ வந்து வண்டியில் கேறு என்று அம்மாவைக் கூப்பிட்டார். ஒரு வாரக் கூலி கிடைத்தால் என் கட்டணம் முடிந்துவிடும். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"இன்னைக்கு என் முறையில்ல சாரே. அக்காதான் வருவாங்க."

"அவங்களக் கொண்டு மணல் சுமக்கப் பற்றுமா?"

"பற்றாத ஆள நாங்க நிறுத்தமாட்டோமாக்கும்."

அவர் படியிலிருந்த ஒவ்வொருத்தியையும் பார்த்தார். ஒருத்தி முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி ஒலிக்காத போனைக் காதில் வைத்திருந்தாள். யாரும் எழவில்லை. வண்டி கிளம்பி, கொஞ்ச தூரம் உருண்டு, நின்றது. அந்த அக்கா நிதானமாக நடந்துபோய்ச் சாப்பாட்டுத் தூக்கை உள்ளே வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

என் கட்டணம் என்ன ஆகும் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"இன்னைக்கு நான் கேறினா நாளைக்கு எல்லாரும் ஓடுவாளுவ மக்களே. பொறவு ஒருத்திக்கும் நேரான கூலி கிட்டாது."

கடைசி நாள் கடந்துபோனது. மறுவாரம் அம்மாவின் முறை வந்தது, அந்தக் கூலியில் அபராதத்தோடு கட்டினேன். ஏன் தாமதம் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அம்மாவுக்கு இப்போதுதான் முறை வந்தது என்றேன். அவர்களுக்கு விளங்கவில்லை. பின்னால் வரிசை நின்றாலும், முதலிலிருந்து முழுவதும் சொன்னேன்.