கிறேன்காரரின் பகல் நித்திரையும் இரண்டு மரங்களும்

1. மேற்குச் சுவர்

நிழலுக்கு மரம் கேட்டு என்னிடம் வந்தவர்கள் ஏராளம். நித்திரைக்கு மரம் கேட்டு வந்தது தெய்வானை ஒருத்திதான்.

அறுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலை நகருக்குச் சற்று வெளியே இருந்த அரசாங்க நாற்றுத்தோட்டத்தில் நான் ஓவசியராக இருந்தேன். நர்சரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கச்சான் காற்று தொடங்கியிருந்த நாட்கள். மேற்கே காடு வெளியெல்லாம் கடந்து வரும் அந்தக் காற்றில் நின்றால் அடுப்பு வாசலில் நிற்பது போலிருக்கும். உச்சி வெய்யிலில் குடையும் இல்லாமல் வந்து நின்றாள்.

"ஐயா, கெதியா நிழல் தாற மரம் ஒண்டு வேணும்."

"வீட்டுக்கு எந்தப் பக்கம் வைக்கப் போறீங்கள்?"

"மேற்கால. அவர் துறைமுகத்தில கிறேன் ஓட்டுறவர். நைட் சிப்ட் முடிஞ்சு விடிய வந்து படுப்பார். மத்தியானம் திரும்பினா சுவர் கொதிக்கத் தொடங்கும். பிறகு நித்திரை கொள்ள ஏலாது. நித்திரை இல்லாமக் கிறேனில ஏறினா, கீழ நிக்கிற ஆக்களின்ர கதி என்ன ஐயா?"

நிழல் மரம் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் முற்றத்து அழகைப் பற்றியே கதைப்பார்கள். இந்தப் பெண்ணோ கப்பலடியில் நிற்கும் முன்பின் தெரியாத மனிதர்களின் தலையைப் பற்றிக் கவலைப்பட்டாள். அந்த நிமிடமே அவள்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

எனக்கு மழை மரத்தில் ஒரு பைத்தியம். நர்சரி வாசலிலேயே ஒன்று நின்றது. வெள்ளைக்காரர் காலத்து மரம். குடையை விரித்தது போல ஒரு பெரிய வளவையே மூடி நிற்கும். அவளை அதன் கீழே நிறுத்திப் பெருமையாக விளக்கினேன். மழை மரம் கண் முன்னே வளரும், சில வருசத்தில் கூரையைத் தாண்டும். ஆனால் வேர் மேலாக ஓடும், சீமெந்து நிலத்தைக் கிளப்பும். கொப்புகள் முறியக்கூடியவை. வேம்பு மெதுவாகத்தான் வரும். வந்துவிட்டால் மணலோ வறட்சியோ ஒன்றும் செய்யாது. மாசி, பங்குனியில் பழைய இலையைக் கொட்டிவிட்டு, வெய்யில் உக்கிரமாகும் நேரத்தில் புது இலையோடு தயாராக நிற்கும். சின்ன வளவுக்கும் அடக்கமானது.

"உங்களுக்கு அவசரமெண்டா மழை மரம்தான்" என்று முடித்தேன்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். "பொழுதுபட்டா இதின்ர இலையெல்லாம் மடிஞ்சு நித்திரைக்குப் போயிடுமாம், உண்மையே?"

"ஓம், வானம் மப்புப் போட்டாலும் மடிக்கும்."

"எங்கட வீட்டில பகல்ல நித்திரை கொள்ள ஒரு ஆள் இருக்கு, காணும். எனக்கு முழிச்சு நிக்கிற மரம் தாங்கோ. வேம்பைத் தாங்கோ."

எனக்குக் கொஞ்சம் ரோசம்தான். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. மாரி தொடங்கியதும் மூங்கில் குழாயில் நின்ற நல்ல கன்று ஒன்றைக் கொடுத்தேன். நானே போய்க் குழி வெட்டுவித்தேன். அது குவாட்டர்ஸ் ஒழுங்கை, துறைமுக வேலைக்காரரின் வீடுகள் நிற்கும் சின்னத் தெரு. வீடு கட்டும்போது மரங்களையெல்லாம் தள்ளி மட்டமாக்கியிருந்தார்கள். ஒரு டசின் வீடு, பெயருக்கு ஒரு மரமில்லை. அவளுடைய வேம்புதான் அங்கே முதல் மரம்.

2. வேப்பிலைக்கு வந்தவர்கள்

மரம் வளரும்வரை அவள் மேற்குச் சுவரில் தென்னங்கிடுகு சாத்தி, அதில் தண்ணீர் தெளித்துச் சமாளித்தாள். கன்றுக்கு ஆடு வாய்வைக்காமல் தகரம் சுற்றினாள். மூன்றாவது கச்சானுக்கு மரம் கூரையைத் தொட்டது. நான்காவது கச்சானில் அவளுடைய கணவர் நடராசா முதல்முறையாகப் பின்னேரம்வரை நித்திரை கொண்டாராம். அதைச் சொல்வதற்கென்றே நர்சரிக்கு வந்தாள். நானே அந்த வீட்டில் படுத்தெழும்பியது போல எனக்குச் சந்தோசம்.

அடுத்த வருசம் ஒழுங்கைக்குள் அம்மாள் வருத்தம் வந்தது. கொப்புளிப்பான் என்றும் சொல்லும் அம்மை நோய். ஒரு வீட்டுப் பிள்ளைக்கு வந்து, பிறகு வீட்டுக்கு வீடு தாவியது. அம்மாள் வந்த வீட்டில் வாசலில் வேப்பிலை கட்ட வேண்டும், பாயில் பரப்ப வேண்டும், உடம்பை வருடிவிட வேண்டும், கடைசியில் தலைக்கு வார்க்கும் தண்ணீரிலும் போட வேண்டும். தினமும் புது இலை. ஒழுங்கையில் வேம்பு ஒன்றே ஒன்று. வருத்தக்காரப் பிள்ளைக்கு இலை கேட்டு வருபவரிடம் இல்லை என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? தெய்வானைக்கு வரவில்லை.

பக்கத்து ஒழுங்கையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மரம் குச்சியும் தடியுமாக நின்றது. மேற்குச் சுவர் மறுபடி கொதித்தது.

ஒரு சிப்டில் நடராசா கிறேனில் இருந்தபடியே கண் அயர்ந்துவிட்டார். தூக்கிய கோதுமை மா மூட்டைக்கட்டு கப்பல் விளிம்பில் இடித்துச் சிதறியது. கீழே நின்றவர்கள் ஓடியதால் தப்பினார்கள். அடுத்த நாள் போர்மன் கூப்பிட்டுச் சொன்னாராம்:

"நடராசா, நீர் நல்ல வேலைக்காரன். அதால இந்த முறை விடுறன். இன்னொருக்கா நடந்தா உம்மைக் கிறேனில ஏத்த மாட்டன்."

கிறேனிலிருந்து இறக்கினால் மூட்டை சுமக்கும் கூலி வேலைதான். நடராசாவுக்கு வயதும் ஏறியிருந்தது. அதைவிட, யாராவது நசுங்கிச் செத்தால் அதைச் சுமந்துகொண்டு வாழ முடியாது என்று வீட்டில் அழுதிருக்கிறார்.

3. மழை மரத்தடி

தெய்வானை நர்சரிக்கு வந்து இதையெல்லாம் சொன்னபோது, இனி மழை மரம்தான் கேட்பாள் என்று நினைத்தேன். பெரியதொரு கன்றை மனதுக்குள் தெரிவுசெய்தும் விட்டேன்.

"எனக்கு மரம் வேண்டாம் ஐயா" என்றாள். "மாரிக்கு ஒரு டசின் வேப்பங்கண்டு வேணும்."

"ஒரு டசினோ? அந்த வளவுக்குள்ள எங்க வைக்கப் போறீங்கள்?"

"என்ர வளவுக்கில்லை. வீட்டுக்கு வீடு குடுக்கப்போறன். அவையின்ர வாசல்லயும் வேம்பு நிண்டா அவை ஏன் என்ர மரத்தை மொட்டையாக்கப் போகினம்? பாவம், ஆரும் வேணுமெண்டு செய்யேல்லை."

மரம் வளர்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவன் நான். ஒரு வீட்டின் நிழலைக் காப்பாற்ற ஒழுங்கை முழுக்க மரம் வைக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. அவளைக் கும்பிடலாம் போலிருந்தது.

"கண்டு வளர வருசக்கணக்காகும். அதுவரைக்கும் அவர் எங்க படுக்கிறது?"

"பழையபடி கிடுகு சாத்தித் தண்ணி தெளிக்கிறதுதான்" என்றாள்.

"இங்க வந்து படுக்கட்டும்" என்றேன். "என்ர மழை மரத்துக்குக் கீழ இடம் கிடக்கு."

அப்படித்தான் நடராசா ஒரு சாக்குக் கட்டிலோடு நர்சரிக்கு வந்து சேர்ந்தார். சிப்ட் முடிந்து நேரே சைக்கிளில் வருவார். நான் தண்ணீர் வாளிகள் சத்தமில்லாமல் போக வேண்டும் என்று வேலையாட்களுக்கு உத்தரவு போட்டேன். மழை மரம் தன் பெயரைக் காப்பாற்றியது. சில நாட்களில் பூச்சிகள் தூவும் தண்ணீர் அவர் முகத்தில் விழும். பிசுபிசுத்த காய் நெஞ்சில் விழும். மனிதர் அசையமாட்டார். இரண்டு மூன்று கச்சான்கள் அந்த மரம் அவரைத் தாங்கியது. கிறேனிலும் ஒரு குறை வரவில்லை. பெரிய மரத்துக்குப் பெரிய இடம் வேண்டும். இடம் கிடைத்தால் மழை மரத்தைப் போல் அள்ளிக் கொடுக்கும் மரம் வேறில்லை என்று இன்றும் சொல்வேன்.

4. பாத்தும்மாவின் வேலியோரம்

பிறகு என்னைக் கந்தளாய்க்கு மாற்றினார்கள். சில வருசம் கழித்து ஒரு கச்சான் காலத்தில் அந்த ஒழுங்கைக்குப் போனேன். வீட்டுக்கு வீடு வேம்பு. காற்று அந்த இலைகளுக்குள் புகுந்து வரும்போது சூடு பாதி அடங்கிப்போயிருந்தது.

தெய்வானையின் வேம்பு மறுபடியும் மொட்டையாக நின்றது. வாசலில் நின்று, "நடராசா!" என்று உரத்துக் கூப்பிட்டேன்.

மேற்குப் பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் ஒரு பெண் எட்டிப் பார்த்து வாயில் விரலை வைத்தாள். பாத்தும்மா. மூதூரிலிருந்து வாழ வந்தவள். கன்று வாங்கியவர்களில் ஒருத்தி.

"மெல்லக் கதைங்க ஐயா. அண்ணன் படுக்கிறார்."

"இந்த வெய்யிலிலோ? மரத்தில இலையே இல்லையே?"

"அடுத்த ஒழுங்கையில அம்மாள் வருத்தம். அவங்க பழகின மரம் இதுதானே, இங்கதான் வாறாங்க. அக்கா ஒருத்தரையும் தடுக்கிறல்ல." பிறகு தன் வளவைக் காட்டினாள். இந்த வீட்டு மேற்குச் சுவருக்கு நேரே, அவளுடைய வீட்டுக்குக் கிழக்குப் பக்கம், வேலியோரம், கரும்பச்சையாக அடர்ந்த வேம்பு ஒன்று. அதன் நிழல் வேலியைத் தாண்டி நடராசாவின் சுவர் முழுவதும் படுத்திருந்தது.

"உங்களுக்கும் மேற்குப் பக்கம் வைக்கச் சொல்லித்தானே கண்டு தந்தனான்?"

"ஓம், சொன்னீங்க. எங்கட ஊட்டில பகல்ல படுக்க ஆரு இருக்கா? எங்கட மகளுக்கும் போன கிழமை கொப்புளிப்பான் வந்த. நாலு ஊடு தள்ளிப் போய்த்தான் இலை முறிச்ச. இந்த மரத்தில நாங்க கை வைக்கிறல்ல. இது அண்ணன்ட நித்திரைக்கு வச்ச மரம்."

நான் நடராசாவை எழுப்பாமல் திரும்பினேன். அதன்பின் ஓய்வு பெறும்வரை, வீட்டுக்கு எந்த மரம் நல்லது என்று யார் கேட்டு வந்தாலும், மண் என்ன, வெய்யில் எந்தப் பக்கம் என்றெல்லாம் வழக்கம்போலக் கேட்பேன். ஆனால் முதல் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "பக்கத்து வீட்டில ஆர் இருக்கினம்?" என்று கேட்பேன்.